சுகம் என்று சொல்லப்படாது

உங்கள் அம்மைக்கும் எனக்கும் கலியாணம் முடிந்து எட்டாம் மாதம் நாங்கள் சிலோனுக்குக் கப்பல் ஏறினோம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கப்பலில் ஏறவிடாமல் செய்யப் பார்த்தது யார் என்பது தெரியாது. சமஸ்தானத்துச் சர்க்கார் இல்லை, தோட்டத்துத் துரை இல்லை, உங்கள் தாத்தாவும் இல்லை. உங்கள் அம்மைதான். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது. அவளுக்கு எழுத்து வாசிக்க வராது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். யாராவது வாசித்துக் காட்டினீர்களென்றால் அன்றைக்கு எனக்குக் கஞ்சி கிடையாது.

எனக்குச் சொல்லியிருந்தது வாத்தியார் வேலை. தேயிலைத் தோட்டத்தில் கூலிக்காரர் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்க வேண்டும். ஏழாம் வகுப்பு வரை படித்தவனுக்கு அந்தக் காலத்தில் அது பெரிய உத்தியோகம். ஆனால் துரை ஒரு நிபந்தனை போட்டிருந்தார். எனக்கு முன்னால் மூன்று ஒண்டிக்கட்டை வாத்தியார்கள் வந்து, மூன்று பேரும் ஆளுக்கொரு விதமாக ஓடிப்போயிருந்தார்கள். ஆகவே இனி வருகிறவன் பெண்டாட்டியோடு வர வேண்டும். அவள் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லித் தர வேண்டும். உங்கள் அம்மைக்குத் தையல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. நாங்களாக எதற்குச் சொல்ல வேண்டும்? இந்த மாதத்துக் கூட்டத்தோடு இரண்டு பேரும் வந்தால் வேலை, ஒருவர் குறைந்தாலும் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி கடிதம் போட்டிருந்தார்.

போவதற்கு முன் உடம்பைப் பரிசோதிக்க வேண்டும். கோட்டாற்றில் ஒரு பழைய உப்புக் கிட்டங்கியை வாடகைக்கு எடுத்து, தோட்டத்துக்கு ஆள் அனுப்புகிறவர்கள் டிப்போ என்று பெயர் வைத்திருந்தார்கள். மாதத்தில் இரண்டே நாள் அங்கே டாக்டர் வருவார். ஆண்களுக்கு ஒரு டாக்டர், பெண்களுக்கு ஒரு டாக்டரம்மா. இரண்டு பேரும் தஞ்சாவூர்ப் பக்கம். தேறியவர்களுக்கு நம்பர் அடித்த ஒரு தகரத் துண்டைக் கழுத்தில் கட்டிவிடுவார்கள். அந்தத் தகரம் இல்லாதவன் அடுத்த மாதம் வரலாம். எங்களுக்கு அடுத்த மாதம் என்று ஒன்று இல்லை.

இனி நம் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் சிலோனில் வளர்ந்த பிள்ளைகள், சரியாகத் தெரிந்திருக்காது. நாஞ்சில் நாட்டில் எவனும் தன் வாயால் சுகமாக இருக்கிறேன் என்று சொல்லமாட்டான். சொன்னால் கண்ணேறு பட்டுவிடும். ஒரு கடவப் பெட்டி நெல்லைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் ஓடுகிறவளை நிறுத்தி, "எப்படிம்மா இருக்கே?" என்று கேளுங்கள். "என்னத்தச் சொல்ல, உசிரு கெடக்கு" என்பாள். கேட்டவளும் விடமாட்டாள். "எனக்கு அதுவும் இல்ல" என்பாள். இருவருக்கும் திருப்தி. உங்கள் அம்மையைப் பெற்ற தாத்தா நாற்பது வருஷமாக "இன்னும் ரெண்டு நாளோ மூணு நாளோ" என்று சொல்லி வந்தார். அதைச் சொல்லிக்கொண்டே ஒரு முழு வருக்கைப் பலாவை முடிப்பார்.

நான் படித்தவன் என்பதால் இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முதல் நாள் விடியும்போது நம் ஊர் கொட்டாரத்திலிருந்து நடக்கத் தொடங்கி, வெயில் ஏறும் முன் டிப்போவுக்கு வந்து சேர்ந்தோம். ஆண்களை ஒரு பக்கம் கொண்டுபோய்க் கோவணத்தோடு வரிசையில் நிறுத்தினார்கள். உப்பு இருந்த தரை, காலெல்லாம் பிசுபிசுத்தது. டாக்டர் கண்ணின் கீழ்இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பல்லை எண்ணினார், குனியச் சொன்னார். குனிந்த பிறகு பின்னால் என்ன பார்த்தார் என்று தெரியாது, நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு சின்னத் தகர டப்பியைக் கையில் கொடுத்து, வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், போய்க் கொண்டுவா என்றார். இதைப் பிள்ளைகளுக்கு எழுதுவது முறையா என்று யோசித்தேன். உங்களுக்கு அப்பனும் வாத்தியாருமாக வந்தவன் ஒரு நாள் கோவணத்தோடு, கையில் டப்பியோடு, கோட்டாற்று வெயிலில் தோப்பைத் தேடி ஓடினான் என்பது நீங்கள் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான்.

கடைசியில் டாக்டர், "உடம்பு எப்படிய்யா இருக்கு?" என்று கேட்டார்.

"பூரண சுகம்" என்றேன். ஊரில் யாருமே சொல்லாத வார்த்தையைச் சொன்ன பெருமையோடு, கழுத்தில் தகரத்தோடு வெளியே வந்து, வாசல் கல்லில் வலது கால் பெருவிரலை இடித்து நகத்தைப் பெயர்த்துக்கொண்டேன்.

உங்கள் அம்மை அந்தப் பக்கத்து வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அகத்த என்ன சொன்னீரு அத்தான்?"

"ஒண்ணும் சொல்லல்ல."

"சொல்லியிருப்பீரு" என்றாள்.

அப்புறம் அவள் முறை. பெண்களுக்குத் துணிமறைப்பு கட்டியிருந்தது. மறைப்புக்கு உள்ளே டாக்டரம்மா, வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கிளார்க்கு. டாக்டரம்மா உள்ளிருந்து சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். நான் விரலைப் பிடித்துக்கொண்டு திண்டில் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் கேட்டது.

"உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"என்னத்தச் சொல்ல. மேலுக்கு முடியல்ல."

"மேலேன்னா எங்கே? தலையா?" மேல் என்றால் நம் பேச்சில் உடம்பு.

"தல சுத்தும். நெஞ்சு படபடன்னு அடிக்கும். காலு ரெண்டும் கழண்டு போவும். ராத்திரி ஒரு பொட்டு ஒறக்கம் கெடையாது."

"சாப்பாடு?"

"அத எங்க திங்க. வெள்ளம் குடிச்சிட்டு கெடக்கேன்."

கிளார்க்கின் பேனா ஓடியது. கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் அவள் பொட்டலத்தை அவிழ்த்து, எனக்கென்று வைத்திருந்த இட்டிலியையும் சேர்த்துத் தின்றிருந்தாள்.

வெளியே வந்தபோது கையில் தகரம் இல்லை, ஒரு சீட்டுதான் இருந்தது. நாளைக்கு மறுபடியும் வர வேண்டும், நாளைக்கும் இப்படியே இருந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியது என்று கிளார்க்கு சொன்னார்.

"டாக்டரம்மா நல்ல மனுஷி" என்றாள் உங்கள் அம்மை. "எவ்வளவு பொறுமையா கேட்டா."

அன்று சாயங்காலம் நாங்கள் தங்கிய சத்திரத்துக் கிணற்றடியில் நான் அவளுக்குப் பாடம் நடத்தினேன். என் வாத்தியார் உத்தியோகத்தின் முதல் வகுப்பு அதுதான்.

"நாளைக்கு கேட்டா என்ன சொல்லணும்? சொகம்னு சொல்லணும். வேற ஒரு வார்த்த சொல்லப்படாது."

"அது எப்படி சொல்லுகது? கேக்கவளுக்கு கண்ணு இல்லியா?"

"ஏட்டி, அவ்வோ படிச்சவ்வோ. அவ்வோ கண்ணுக்கெல்லாம் கண்ணேறு கெடையாது."

"படிச்ச கண்ணு பட்டா இன்னும் தூரம் போவும். கண்ணாடி வேற போட்டிருக்கா."

நான் பாடத்தை மாற்றினேன்.

"இஞ்ச பாரு. சொகம்னு சொல்லல்லன்னா வேல போச்சு. நாம நாளைக்கே கொட்டாரத்துக்கு திரும்பணும். வழியனுப்ப வந்த அத்தன பேரும் வாசல்ல வந்து நிப்பா. என்னத்துக்கு திரும்பினியோ, யாருக்கு தீனம், என்ன நோக்காடுன்னு கேப்பா. அதுக்கு என்ன சொல்லுவே?"

அதுதான் அவளைத் தொட்டது. சிலோன், துரை, வேலை எல்லாம் அவளுக்குப் புகைமாதிரி. வாசலில் வந்து நிற்கப்போகிற பெண்டுகள் அப்படியில்லை. ஒவ்வொருத்தி முகமும் கண்ணுக்கு முன்னால் நின்றது.

"சரி, சொல்லுகேன்" என்றாள். "ஆனா சொன்னதுக்கு நான் பரிகாரம் செய்துக்கிடுவேன். அதுக்கு நீரு ஒண்ணும் சொல்லப்படாது."

என்ன பரிகாரம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மறுநாள் டாக்டரம்மா குழலை வைத்து முன்னும் பின்னும் கேட்டார். கண், நாக்கு, நகம், நாடி. ஒரு குறையும் அகப்படவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. "நேத்து சொன்னதெல்லாம் எழுதியாச்சும்மா. இன்னைக்கு நீயே சொல்லு. எப்படி இருக்கு?"

விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளை கண்ணை மூடுவதுபோல அவள் மூடியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

"சொகம்" என்றாள். உடனே, "தூ, தூ, தூ."

மூன்று தடவை. இடது பக்கம். நல்ல கனமாக. அந்த இடத்துக்கு நேர்மேலே தமிழிலும் மலையாளத்திலும் "இங்கே துப்பக்கூடாது" என்று பலகை தொங்கியதைப் பிறகு உள்ளே போனபோது பார்த்தேன். டிப்போவில் எல்லாவற்றையும் மன்னிப்பார்கள், க்ஷயரோகத்துக்குப் பயந்து எச்சிலை மட்டும் மன்னிக்கமாட்டார்கள்.

டாக்டரம்மாவின் குரல் மாறியது. "எத்தனை நாளா இப்படித் துப்புறே? இருமல் உண்டா?"

உடம்பைப் பற்றி உண்டா என்று கேட்டால் நம் ஊர்க்காரிக்கு ஒரே பதில்தான். "உண்டும்" என்றாள்.

"ரத்தம்?"

"ஒடம்புல எங்கம்மா ரெத்தம்."

கிளார்க்கு என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மறைப்புக்குள்ளிருந்து, "இவ புருஷனைக் கூப்பிடுங்க" என்று சத்தம் வந்தது.

உள்ளே போனேன். டாக்டரம்மா ஒல்லியான மனுஷி, கண்ணாடி. நிஜமாகவே தடித்த கண்ணாடிதான். உங்கள் அம்மை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். நல்ல பிள்ளையாகப் பாடம் ஒப்பித்தவளின் முகம். சொன்னபடி சொல்லிவிட்டேனே என்று என்னைப் பார்த்தாள்.

"நீங்க வாத்தியாராமே. இவ பேசறது எனக்குப் பாதி புரியலை. இவளுக்கு என்னதான் நோய்?"

"நோயெல்லாம் ஒண்ணும் கெடையாதும்மா. ஊர் வழக்கம். சும்மா சொல்லுகா."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்கே வர்றவா எல்லாரும் நோயை மறைச்சுண்டு சுகம்னு சொல்லுவா. கண்டுபிடிக்கறதுதான் என் வேலை. இல்லாத நோயை உண்டுன்னு சொல்லி ஒருத்தி வந்து நான் பார்த்ததில்லை. அப்படிச் சொல்றதுக்கு ஒரே காரணம்தான் இருக்கும்." பிறகு உங்கள் அம்மையின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார். "உனக்குப் போக இஷ்டம் இல்லையா? கட்டாயப்படுத்திக் கூட்டிண்டு போறாரா? பயப்படாம சொல்லு. தேறலைன்னு எழுதித் திருப்பி அனுப்பிடறேன்."

இந்தக் கேள்விக்கும் அவள் வழக்கப்படிதான் பதில் சொல்வாள். "என்னத்தச் சொல்ல" என்று தொடங்கி, ஒரு பெருமூச்சு விட்டு, தலையைக் குனிவாள். எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சுக்காரியும் அதைப் பார்த்தால் உடனே என்னைப் போலீசில் பிடித்துக் கொடுப்பாள். அவள் பெருமூச்சுக்கு மூச்சை இழுப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

நான் அப்போது செய்ததைத் தந்திரம் என்று பின்னாளில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். தந்திரம் இல்லை. வெறும் கோபம்.

"தீனமும் இல்ல, ஒரு மண்ணும் இல்லம்மா" என்றேன். "இவளுக்கு மடியாக்கும்."

நம் ஊரில் மடி என்றால் சோம்பல். தஞ்சாவூரில் அப்படி இல்லைபோல.

"மடியிலயா? மடியிலே என்ன, கட்டியா?" என்று டாக்டரம்மா அவள் வயிற்றில் கை வைக்கப் போனார்.

உங்கள் அம்மை எழுந்து நின்றாள். முக்காலி பின்னால் விழுந்தது.

"யாருக்கு மடி? எனக்கா மடி?"

மக்களே, நம் ஊர் வழக்கத்தில் நான் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று இருக்கிறது. நலம் விசாரித்தால்தான் எல்லோரும் சாகக் கிடப்பார்கள். சண்டை என்று வந்துவிட்டால் ஒருவருக்கும் ஒரு தலைவலி வந்த சரித்திரமே கிடையாது. சண்டையில் சொன்னதற்குக் கண்ணேறு கணக்கில்லை.

"விடியதுக்கு முன்ன ரெண்டு மரக்கால் நெல்லு குத்துனது யாரு, உம்ம அம்மையா? நாலு குடம் வெள்ளம் கோருதது யாரு? கலியாணம் முடிஞ்சு எட்டு மாசம், ஒரு நாளு பாயில கெடந்தேனா? ஒரு தும்மலு தும்மினேனா? ஐப்பசியில ஊரே காய்ச்சல்ல கெடந்தப்போ உமக்கும் உம்ம வீட்டுல அத்தன பேருக்கும் கஞ்சி வச்சு ஊத்துனது யாரு? நேத்து கொட்டாரத்துலேருந்து இஞ்ச வர பெட்டிய செமந்தது யாரு, நீரா? நீரு கொடையப் பிடிச்சிட்டு முன்னால வந்தீரு."

இது உண்மை. குடை என்னிடம்தான் இருந்தது.

டாக்டரம்மா முதலில் திகைத்தார். பிறகு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழலை மறுபடி காதில் மாட்டி, அவள் பின்னால் போய் முதுகில் வைத்தார். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சின் நடுவே டாக்டரம்மா தண்ணீரில் கல் போடுவதுபோல ஒவ்வொரு கேள்வியாகப் போட்டார்.

"இருமல்?"

"எனக்கா? எங்க குடும்பத்துலயே இருமல் கெடையாது. இவ்வோ வீட்டுலதான் ராவெல்லாம் கொரைப்பா."

"தலைசுத்தல்?"

"பனையில ஏறி எறங்குனாலும் சுத்தாது."

"தூக்கம்?"

"படுத்தா பொணமாக்கும். இவரு கொறட்டைக்கே முழிக்கமாட்டேன்."

"எழுதுங்க" என்று டாக்டரம்மா மறைப்புக்கு வெளியே சொன்னார். "நெஞ்சு சுத்தம். மூச்சு ரொம்ப நல்லா இருக்கு." பிறகு அதே குரலில், "போக இஷ்டமா?"

"இஷ்டம் இல்லாமயா இந்தப் பெட்டிய செமந்துட்டு வந்தேன்? இந்த மனுசன் தனியே போனா அங்க என்னத்தத் திம்பாரு? ஒரு வெள்ளம் சூடாக்கத் தெரியுமா? நாலாம் நாளு செத்துக் கெடப்பாரு. அதுக்கு நான் கொட்டாரத்துல இருந்து ஒப்பாரி வைக்கணுமா?"

அதோடு நின்றாள். வரிசையில் நின்ற பெண்டுகள் மறைப்பை விலக்கிக்கொண்டு பார்த்தார்கள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது உங்கள் அம்மைக்கு அப்போதுதான் உறைத்தது. சண்டை மும்முரத்தில், ஒரு சபைக்கு நடுவில், நலம் விசாரித்த ஒரு கண்ணாடிக்காரிக்கு, தன் சுகத்தைத் தலையிலிருந்து கால்வரை அக்குவேறு ஆணிவேறாகச் சொல்லியிருக்கிறாள். முகம் வெளுத்தது. கன்னம் உப்பியது. பலகைக்கு அடியில் குனியப் போனாள்.

டாக்டரம்மா சட்டென்று ஒரு பீங்கான் கிண்ணத்தை எடுத்து அவள் வாய்க்கு நேரே நீட்டினார்.

"இதிலே துப்பு. மூணு தடவைதானே?"

"ஏழு" என்றாள் உங்கள் அம்மை. "இவ்வளவு சொன்னதுக்கு மூணு காணாது."

ஏழு முறை துப்பும் வரை டாக்டரம்மா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே தகரத்தை எடுத்து அவள் கழுத்தில் கட்டினார். தாலிக்குப் பக்கத்தில் அது இடித்துக் கிணுகிணுத்தது. என்னைப் பார்த்து, "ஜாக்கிரதை வாத்தியாரே. இவ உங்களைவிட நாள் இருப்பா" என்றார். அது வாழ்த்தா எச்சரிக்கையா என்று தெரியவில்லை. உங்கள் அம்மை அதற்கும் ஒரு முறை துப்பினாள்.

வெளியே வந்து பெட்டியை எடுத்தேன். ஆம், நான்தான் எடுத்தேன். பஸ் வரும் இடம்வரை அவள் குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். மடி என்று சொன்னதற்காக மூன்று நாள் பேசவில்லை. கடலோரத்தில் கப்பலுக்கு முந்திய கேம்பில் மறுபடி வரிசை, மறுபடி டப்பி, கையில் ஊசி. அங்கே அவளிடம் யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. கழுத்துத் தகரத்தைப் பார்த்தார்கள், நம்பரைக் கூப்பிட்டார்கள், விட்டார்கள்.

கப்பல் இரண்டு மணி நேரம்தான். இரண்டு மணி நேரமும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். காலையில் குடித்தது, முந்தின நாள் தின்றது, ஏழாம் வகுப்பில் படித்தது எல்லாம் வந்தது. உங்கள் அம்மை பக்கத்தில் குத்தவைத்துப் பொரிகடலை தின்றுகொண்டிருந்தாள். மூன்று நாளைக்குப் பிறகு முதல் வார்த்தை அப்போதுதான் பேசினாள்.

"பாத்தீரா அத்தான். நான் ஏழு தடவ துப்பினேன், என் பக்கத்துல ஒண்ணும் வரல்ல. நீரு ஒரு தடவகூட துப்பாம பூரண சொகம்னு சொல்லிட்டு வந்தீரு. இப்போ அனுபவியும்."

அவளிடம் நான் பூரண சுகம் என்று சொன்னதைச் சொல்லவே இல்லை. எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வார்த்தையை நான் வாயால் சொன்னதும் இல்லை.

ஆகவே உங்களுக்கு ஒரு காரியம் சொல்கிறேன். நீங்கள் வேலைக்கென்றும் கலியாணமென்றும் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறீர்கள். ஒவ்வொரு கடிதத்திலும் அம்மை சுகமா என்று எழுதுகிறீர்கள். நான் வாசித்துக் காட்டுகிறேன். அவள் சொல்கிற பதிலை அப்படியே எழுதுகிறேன்: கால் இல்லை, கண் இல்லை, இன்னும் இரண்டு நாளோ மூன்று நாளோ. அதைப் படித்துவிட்டு நீங்கள் பயந்து தந்தி அடிக்கிறீர்கள். போன தடவை பெரியவன் லீவு போட்டு வந்தே விட்டான். இனி அப்படிக் கேட்காதீர்கள். அம்மை வைக்கிற மீன் குழம்பில் இப்போதெல்லாம் புளி கூடிப்போகிறதாமே என்று எழுதுங்கள். அவள் என்ன சொன்னாள், எவ்வளவு நேரம் சொன்னாள், எத்தனை வீட்டுக்குக் கேட்டது என்று நான் பதில் போடுகிறேன். அதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

என்னைப் பற்றிக் கேட்டால், என்னத்தைச் சொல்ல. கிடக்கிறேன்.